ஸ்டெப்னிக்கு இடம் எங்கே?



அமெரிக்காவில் ஊர்ப்புறமாகப் போய்வந்தவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டோடு ஒட்டிய கராஜின் கதவு திறந்திருக்கும். உள்ளே ஐம்பது வயதான பிக்கப் வண்டி ஒன்று, சக்கரங்கள் கழன்று, நான்கு இரும்புத் தாங்கிகளின்மேல் நிற்கும். கீழே ஒருவர் மல்லாந்து படுத்திருப்பார். கால்கள் மட்டும் வெளியே தெரியும். ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு என்று சொல்லிவிட்டு நாம் நடந்துவிடலாம். ஆனால் அந்த மனிதர் அங்கே ஒரு கணக்கு வழக்கில் மூழ்கியிருக்கிறார் என்பது என் கருத்து. பழைய வண்டியில் ஒரு பாகத்தை மாற்றினால், அது வண்டிக்குள் வேறெங்கோ ஒரு கடனை எழுதிவைத்துவிடும். அந்தக் கடன் எங்கே எழுதப்பட்டது என்று தேடிக் கண்டுபிடித்து அடைக்கத் தெரிந்தவருக்குத்தான் மாற்றும் உரிமை உண்டு. மற்றவர் செய்வது அலங்காரம்.

இதைப் பொதுவாகப் பேசினால் காற்றில் போய்விடும். அதனால் ஒரே ஒரு வண்டியை எடுத்துக்கொள்கிறேன். 1967 முதல் 1972 வரை வந்த செவர்லே சி-10, அரை டன் பிக்கப். இன்று அந்த நாட்டில் வீட்டுக் கொட்டகைகளில் அதிகமாகக் கழற்றி மாட்டப்படும் பழைய வண்டிகளில் இது ஒன்று.

முதலில் கொஞ்சம் வரலாறு. பிக்கப் என்கிற வண்டிவகையே வீட்டு மாற்றத்தில் பிறந்தது என்று சொன்னால் மிகையாகாது. 1908இல் ஃபோர்டு மாடல் டி காரைக் கொண்டுவந்தபோது அதை வாங்கியவர்களில் பலர் விவசாயிகள். பின்பக்கத்தை அறுத்தெடுத்துவிட்டு மரப்பெட்டி ஒன்றைப் பொருத்தி, பால் கேனும் தீவன மூட்டையும் ஏற்றினார்கள். பின்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, அதில் பெல்ட்டை மாட்டி, சோளம் உதிர்க்கும் இயந்திரத்தையும் மரம் அறுக்கும் வாளையும் ஓட்டினார்கள். செவர்லே 1918இல் தன் முதல் லாரிகளை விற்றபோது அவற்றுக்கு உடம்பே கிடையாது. சேஸிஸ், என்ஜின், முன்முகம், அவ்வளவுதான். கூண்டையும் பெட்டியையும் வாங்கியவர் கட்டிக்கொள்ள வேண்டும். தொழிற்சாலையிலேயே பெட்டி வைத்த மாடல் டி பிக்கப்பை ஃபோர்டு விற்கத் தொடங்கியது 1925 ஏப்ரலில். விலை 281 டாலர். பத்துப் பதினைந்து வருடமாக விவசாயிகள் தாங்களே செய்துவந்ததைக் கம்பெனி அப்போதுதான் கற்றுக்கொண்டது.

நாமக்கல் பக்கம் போனவர்களுக்கு இந்த விஷயம் உடனே பிடிபடும். வெறும் சேஸிஸாக வரும் லாரிக்கு அங்கே பாடி கட்டுகிறார்கள் அல்லவா? சேஸிஸ் தனி, பாடி தனி. பிக்கப்பின் உடற்கூறும் அதுதான். ஏணி போல இரண்டு நீள இரும்புச் சட்டங்கள், குறுக்குச் சட்டங்கள், அதன்மேல் போல்ட் போட்டு வைத்த கேபின், தனியாக வைத்த பெட்டி. இன்றைய கார்களில் கூரையும் தரையும் பக்கச் சுவரும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு, அந்த முழு உடம்புதான் பாரத்தைத் தாங்குகிறது. அதில் ஒரு துளை போட்டால்கூட யோசிக்க வேண்டும். சி-10இன் பெட்டியையோ, சில போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு நான்கு பேர் கூடினால் தூக்கிப் புல்தரையில் வைத்துவிடலாம். கீழே என்ன இருக்கிறது என்று நின்றபடியே பார்க்கலாம். வீட்டில் வேலை செய்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

என்ஜின் அறையும் அப்படித்தான். ஆறு சிலிண்டர் வரிசை என்ஜின் போட்ட வண்டியாக இருந்தால், பானட்டைத் திறந்து என்ஜினுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவில் ஆள் இறங்கி நிற்கலாம். வி-8 போட்ட வண்டியில் இருப்பது 1955இல் பிறந்த அந்தப் புகழ்பெற்ற சின்ன பிளாக் என்ஜின். அந்த வரிசையில் பத்துக் கோடியாவது என்ஜினை 2011இல் செவர்லேயின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டாடியது. அவ்வளவு செய்தால் உதிரி பாகத்துக்குப் பஞ்சம் வருமா? காயலான் கடையில் கிடைக்காதது புதிதாக வார்த்துக் கிடைக்கும். கதவுக் கைப்பிடி, ஜன்னல் ரப்பர், கேபின் மூலைத் தகடு, ஏன், முழு கேபினே இன்று புதிதாகச் செய்து விற்கிறார்கள். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் வடமாநிலங்களில் கதவுக்குக் கீழுள்ள தகடும் கேபினின் பின்மூலைகளும் துருவில் கரைந்துபோகும். டிங்கரிங் வேலையில் பாதி அங்கேதான். பட்டி பூசி மறைத்துவிட்டு விற்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அதனால் வாங்கப் போகிறவர் சட்டைப்பையில் காந்தத் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு போவார். அது ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது.

இனி மாற்றத்துக்கு வருகிறேன். இந்த வண்டியில் பலரும் முதலில் கைவைப்பது பெட்ரோல் டேங்க்கில். காரணம், அந்த டேங்க் இருக்கும் இடம். 1972 வரை செவர்லே பிக்கப்பில் டேங்க் கேபினுக்குள்ளேயே, சீட்டுக்குப் பின்னால் இருந்தது. ஓட்டுபவரின் முதுகுக்கும் எழுபது, எண்பது லிட்டர் பெட்ரோலுக்கும் நடுவில் ஸ்பிரிங்கும் பஞ்சும் வைத்த சீட் மட்டும்தான். கதவுக்குப் பின்னால் கேபின் பக்கவாட்டில் மூடி. அங்கேதான் பெட்ரோல் போட வேண்டும். ரப்பர் இணைப்பு பழசாகிக் கசிந்தால் கேபின் முழுக்க நெடி. அந்தக் காலத்தில் இது ஒன்றும் விசித்திரமில்லை. வேறு கம்பெனிகளும் அப்படித்தான் வைத்தன.

அடுத்த மாடல் 1973இல் வந்தபோது கம்பெனி டேங்க்கைக் கேபினை விட்டு வெளியே எடுத்தது. நல்ல காரியம். ஆனால் எங்கே வைத்தது தெரியுமா? சேஸிஸ் சட்டங்களுக்கு வெளிப்புறம், பெட்டிக்குக் கீழே, பக்கவாட்டில். பக்கத்திலிருந்து இன்னொரு வண்டி வந்து மோதினால் முதல் அடி டேங்க்குக்கு. தீப்பிடித்த விபத்துகள் வழக்குகளாக வந்தன. 1993இல் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை அந்த வண்டிகளைத் தானாக முன்வந்து திரும்பப் பெறும்படி கேட்டது, கம்பெனி மறுத்தது. 1994இல் 5 கோடி டாலருக்குச் சற்று அதிகமான தொகையைப் பாதுகாப்புத் திட்டங்களுக்குத் தருவதாக அரசுடன் சமரசம் செய்துகொண்டது. இதற்கெல்லாம் சற்று முன்பு, என்.பி.சி. தொலைக்காட்சி இந்த வண்டி தீப்பிடிப்பதைப் படமெடுத்துக் காட்டியபோது, தீ நிச்சயமாகப் பற்ற வேண்டும் என்று சிறு பற்றவைப்புக் கருவிகளை வண்டியடியில் கட்டியிருந்தது அம்பலமாகி, மன்னிப்புக் கேட்டது. உண்மையான குறையைக் காட்டப் போனவர்கள் பொய்ச் சாட்சி வைத்ததால் கம்பெனிக்குத்தான் ஆதாயம். அது தனிக் கதை.

வீட்டில் வேலை செய்பவர்கள் என்ன செய்தார்கள்? டேங்க்கைப் பின்சக்கர ஆக்ஸிலுக்கும் பின்னால், இரண்டு சேஸிஸ் சட்டங்களுக்கும் நடுவில் தொங்கவிட்டார்கள். அதே கம்பெனியின் பிளேசர் வண்டிக்கு டேங்க் இருந்த இடம் அது. பக்கத்திலிருந்து மோதினால் இரும்புச் சட்டம் காவல் காக்கும். கேபினுக்குள் நெடி இல்லை. சீட்டுக்குப் பின்னால் சாமான் வைக்கவும் இடம் கிடைத்தது. கம்பெனி பெயர்த்து வைத்த இடத்தைவிட இவர்கள் வைத்த இடம் நல்ல இடம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் கடன்? டேங்க் போய் உட்கார்ந்த அந்த இடத்தில் ஏற்கெனவே ஒருவர் குடியிருந்தார்: ஸ்டெப்னி. அவர் இப்போது எங்கே போவார்? பெட்டிக்குள் போட்டால் சுமைக்கான இடம் போகும். பெட்ரோல் போடும் மூடி கேபினிலிருந்து பெட்டிக்கு வர வேண்டும். பெட்டித் தரையில் துளை போட்டால் மழைத்தண்ணீரும் தூசியும் மூடியைச் சுற்றித் தேங்கும். பக்கவாட்டில் வைத்தால் தகட்டை வெட்டிச் சின்னக் கதவு வைக்க வேண்டும். கேபினில் இருந்த பழைய துளையை மூடிப் பற்றவைத்துப் பெயின்ட் அடிக்க வேண்டும். டேங்க்குக்குள் காற்று போய்வரக் குழாய் வேண்டும்; இல்லாவிட்டால் பெட்ரோல் இறங்காது. பம்புக்குப் போகும் குழாய் நீளமாகிறது. அது சைலன்சர் குழாயை ஒட்டிப் போனால் வெயில் காலத்தில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வண்டி நின்றுவிடும்.

கடைசியாக ஒன்று, மிகவும் நுட்பமானது. ஜெனரல் மோட்டார்ஸின் அக்கால அளவுமானி, டேங்க் காலியாக இருந்தால் 0 ஓம், நிறைந்திருந்தால் 90 ஓம் என்ற மின்தடையை எதிர்பார்க்கும். கடையில் பொதுவாகக் கிடைக்கும் மிதவை நேர்மாறு. காலி என்றால் 240 ஓம், நிறைவு என்றால் 33. அதை வாங்கி மாட்டினால், டேங்க் வறண்டு கிடக்கும்போது முள் ‘நிறைவு’ என்ற எழுத்தையும் தாண்டிப் போய் நிற்கும். நடுவழியில் வண்டி நின்றபின் முள்ளைப் பார்த்துக்கொண்டு கார்புரேட்டரைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காலி டேங்க் நிறைந்த டேங்க்கைவிட ஆபத்து. உள்ளே இருக்கும் ஆவிதான் வெடிக்கும். பழைய டேங்க்கை வீட்டில் யாரும் பற்றவைக்கக் கூடாது. அதேபோல ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. தாங்கி வைத்து, தாங்கிமேல் பாரத்தை இறக்கி, வண்டியைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். செங்கல், சிமெண்ட் கல் எல்லாம் தாங்கி ஆகாது. எச்சரிக்கை கொடுக்காமல் பிளந்துவிடும்.

அடுத்து பிரேக். இந்தப் பேச்சில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 1967 முதல் 1970 வரை சி-10க்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். 1971இல் முன்சக்கரத்துக்கு டிஸ்க் வந்தது. 1968 வண்டி வைத்திருப்பவர் 1971 வண்டியின் முன்பக்க உறுப்புகளைக் காயலான் கடையில் கழற்றிவந்து மாட்டிக்கொள்ளலாம். ஒரே சேஸிஸ் குடும்பம் என்பதால் பொருந்தும். பழைய டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் கரும்பொடியைக் காற்றடித்து ஊதக் கூடாது. அந்தக் கால லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத்துணியால் துடைத்து, துணியையும் பைக்குள் கட்டிப் போட வேண்டும்.

டிஸ்க்கை மாட்டியாயிற்று. இப்போது கணக்கைப் பார்ப்போம். டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டர் வழியில் ஒரு சின்ன வால்வு உண்டு. காலை எடுத்த பிறகும் குழாயில் சுமார் 10 பவுண்டு அழுத்தத்தைப் பிடித்துவைக்கும். டிரம்முக்கு அது தேவை. உள்ளே சிலிண்டர் ரப்பரை விரித்துப் பிடித்து, காற்று புகாமல் காக்கும். டிஸ்க்குக்கு அது எமன். பேட் எப்போதும் தட்டை உரசிக்கொண்டே இருக்கும், சூடேறும், ஆயில் கொதிக்கும், கடைசியில் பெடல் தரைவரை போகும். அந்த வால்வு போக வேண்டும். டிஸ்க் பேட் தேயத் தேய ஆயில் அதிகம் இறங்கும் என்பதால் மாஸ்டர் சிலிண்டரில் முன் பிரேக்குக்கான குடுவையும் பெரிதாக வேண்டும். டிஸ்க்கை அழுத்தப் பலம் கூடுதலாகத் தேவைப்படுவதால் வாக்குவம் பூஸ்டர் வைக்க வேண்டி வரும்.

முன்னால் பிடிப்பு கூடியதும் பின்பக்கம் தகராறு செய்யும். பிக்கப்பின் பெட்டி காலியாக இருக்கும்போது பின்சக்கரத்தில் எடையே கிடையாது. ஓங்கி மிதித்தால் வண்டியின் பாரம் முன்னால் சாய, பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பிவிடும். பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்று வேண்டும். அதே வண்டியில் அரை டன் ஜல்லி ஏற்றினால் பின்பக்கத்துக்கு அந்த அழுத்தம் தேவை. இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தில்தான் நிறுத்தமுடியும். எந்த இடம் என்று வண்டிக்காரரின் வேலைதான் சொல்லும்.

இவ்வளவும் முடித்துச் சக்கரத்தை மாட்டப் போனால் தெரியும் மிச்சக் கதை. 1970 வரை சி-10 சக்கரத்துக்கு ஆறு போல்ட். 1971இல் ஐந்தாக்கிவிட்டார்கள். இப்போது முன்னால் ஐந்து, பின்னால் ஆறு. ஏற்கெனவே வீடிழந்து நிற்கும் ஸ்டெப்னி இனி எந்தப் பக்கத்துக்கு உதவும்? ஆகவே பின் ஆக்ஸிலையும் மாற்று. முன் பிரேக்கில் தொடங்கிய வேலை வண்டியின் கடைசி முனைவரை போய்விட்டது. இதைச் சலிப்போடு சொல்வதாக நினைக்காதீர்கள். போல்ட்டின் எண்ணிக்கை வரை யோசித்துவிட்டுத்தான் அந்தக் கராஜ் மனிதர் முதல் நட்டைத் திருகுகிறார். அதனால்தான் அவர்மேல் எனக்கு மரியாதை.

பெரிய டயர் போடுவது, வண்டியை உயர்த்துவது, தாழ்த்துவது பற்றி அதிகம் சொல்லமாட்டேன். பார்வைக்காகச் செய்கிறார்கள், செய்துகொள்ளட்டும். கணக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். சி-10இன் நாலு சக்கர இழுவை வடிவமான கே-10இல் 28 அங்குல டயரை எடுத்துவிட்டு 33 அங்குலம் போட்டால், மீட்டர் 60 மைல் காட்டும்போது வண்டி 70 மைலுக்கும் மேலே ஓடிக்கொண்டிருக்கும். 3.73 ஆக இருந்த பின் ஆக்ஸில் விகிதம், நடைமுறையில் 3.16 ஆகிவிடும், மேட்டில் இழுவை போயிற்று. சி-10ஐத் தாழ்த்துபவர்களுக்கு வேறொரு வேடிக்கை. அதன் பின் ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடித்துவைக்க ஒரு குறுக்குக் கம்பி உண்டு. அது ஒரு நுனியில் சேஸிஸோடும் மறுநுனியில் ஆக்ஸிலோடும் கட்டியது. வண்டி தாழ்ந்தால் கம்பியின் சாய்வு மாறி, ஆக்ஸில் ஒரு பக்கமாகத் தள்ளிப்போகும். ஒரு சக்கரம் பெட்டிக்குள்ளும் மற்றது வெளியிலுமாக நிற்கும். நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் கம்பி வைத்து அதை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். இந்தப் பின்பக்க அமைப்பைக் கேலியாக நினைக்க வேண்டாம். ஆக்ஸிலை முன்னோக்கிச் சேஸிஸோடு இணைக்கும் நீண்ட கைகள் கொண்ட இதே அமைப்பை, 1960களின் செவர்லே பிக்கப்பிலிருந்து எடுத்து, நாஸ்காரின் முதல்நிலைப் பந்தயக் கார்கள் 2021 வரை வைத்துக்கொண்டிருந்தன.

இங்கே ஒரு சிறு குறுக்கீடு. இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே உங்கள் வீட்டு வண்டியில் கைவைக்கக் கிளம்பிவிடாதீர்கள். நம் நாட்டில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அமெரிக்காவிலும் எல்லாம் தாராளம் என்று எண்ண வேண்டாம். புகை விதிகளில் கடுமைக்குப் பெயர்போன கலிஃபோர்னியா, 1975 வரை வந்த பெட்ரோல் வண்டிகளுக்குத்தான் புகைச் சோதனையிலிருந்து விலக்குத் தருகிறது. நம் சி-10க்கு அதில் அதிர்ஷ்டம். அதே மாநிலத்தின் சாக்ரமென்டோ கவுண்டியிலோ, வீடுகளில் சாதாரணமாக இருக்காத கருவிகளைக் கொண்டு குடியிருப்புப் பகுதியில் வண்டி பழுதுபார்க்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. எந்தக் கருவி சாதாரணம், எது அசாதாரணம் என்று யார் சொல்வது?

தீப்பொறி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் இருக்கும். ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளி பார்க்க வேண்டும், தேயும், எரியும். 1970களின் நடுவில் பாயிண்ட் இல்லாத மின்னணு டிஸ்ட்ரிபியூட்டர் வந்தது. சின்ன பிளாக்கில் அது அப்படியே இறங்கி உட்காரும். ஒரு மணி நேர வேலை. ஆனால் பாயிண்ட் சீக்கிரம் கருகாமலிருக்க, பழைய வண்டியில் சாவியிலிருந்து காயிலுக்குப் போகும் ஒயரையே மின்தடையுள்ளதாகப் போட்டிருப்பார்கள். 12 வோல்ட் அதில் குறைந்துதான் போகும். புது டிஸ்ட்ரிபியூட்டருக்கு முழு 12 வோல்ட் வேண்டும். பார்வைக்கு அது சாதாரண ஒயர் போலவே இருக்கும். தெரியாதவர் அதிலேயே இணைத்துவிட்டு, புதுப் பாகம் மட்டம் என்று திட்டுவார்.

இன்று பரவலாக இருக்கும் மாற்றம் என்ஜினையே மாற்றுவது. 1999 முதல் வந்த செவர்லே லாரிகளின் 4.8, 5.3 லிட்டர் என்ஜின்கள் காயலான் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. பழைய சி-10இல் அவற்றை இறக்குகிறார்கள். கார்புரேட்டருக்கு ஐந்தாறு பவுண்டு அழுத்தத்தில் பெட்ரோல் போதும். இந்த என்ஜினுக்கு 58 பவுண்டு வேண்டும். எனவே டேங்க்குக்குள் மின்சாரப் பம்பு, புதுக் குழாய்கள். டேங்க் வேலையை முன்பே ஒழுங்காகச் செய்தவர் இங்கே பிழைத்துக்கொள்வார்.

இந்த என்ஜினோடு ஒரு கம்ப்யூட்டரும் கூடவே வருகிறது. தன் பழைய வண்டியின் சாவியை அது தேடலாம். கிடைக்காவிட்டால் ஸ்டார்ட் ஆக விடாது. உள்ளே இருக்கும் நிரலைத் திருத்த வேண்டும். 1998இல் அமெரிக்கா கொண்டுவந்த டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தின்படி அந்த மென்பொருள் பூட்டை உடைப்பதே குற்றமாகலாம் என்ற நிலை இருந்தது. இரும்பு உங்களுடையது, அதற்குள் இருக்கும் எழுத்து கம்பெனியுடையது. 2012இல் மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள், டீலர்களுக்குக் கிடைக்கும் பழுதுபார்ப்புத் தகவல் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று பெரும்பான்மையோடு வாக்களித்தார்கள். 2015இல் பதிப்புரிமை அலுவலகப் பரிந்துரையின்பேரில் சொந்த வண்டியைப் பழுதுபார்க்கவும் சட்டத்துக்கு உட்பட்டு மாற்றவும் விலக்கு வந்தது. உரிமையாளருக்காக வேறொருவர் அந்த வேலையைச் செய்வதற்கு 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த விலக்குகளை மூன்று வருடத்துக்கொரு முறை மறுபடி கேட்டுப் பெற வேண்டும். 1968 வண்டியில் ஸ்பானர் போதுமாக இருந்த வேலைக்கு, இப்போது வக்கீலும் தேவைப்படுகிறார்.

கூட்டத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அந்த நாட்டில் இருக்கும் உறவினர் யாராவது காயலான் கடைக்கு என்ஜின் வாங்கப் போகிறார் என்றால் ஒரு சேதி சொல்லி அனுப்புங்கள். கம்ப்யூட்டரையும் ஒயர் கட்டையும் வெட்டாமல் முழுசாகக் கழற்றிவரட்டும். ஆக்ஸிலரேட்டர் கேபிள் இல்லாமல் மின்சாரத்தால் திறக்கும் வகை என்ஜினாக இருந்தால், அதே வண்டியிலிருந்து பெடலையும் எடுத்துவரட்டும். வேறு வண்டிப் பெடல் சொல்வது அந்தக் கம்ப்யூட்டருக்குப் புரியாது.